ஆன்லைன் கடை திறந்தாயிற்று. வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

சங்கக் கூட்டம் முடிந்து கலையும் நேரத்தில் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் நம்மிடம் வருகிறது. பருப்பு விலை, மிளகாய் வரத்து, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒரு மளிகைக் கடைக்காரர் பக்கத்தில் வந்து, "பையன் ஆன்லைன்ல கடை போட்டிருக்கானுங்க. விளம்பரத்துக்குப் பணம் கேக்கறான். எதுல போடறதுன்னே தெரியலீங்க" என்கிறார். போன வருடம் ஒருவர் கேட்டார். இந்த வருடம் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள்.

பதில் சொல்லப் படிப்பால் நமக்குத் தகுதி கிடையாது. நாம் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். ஆனால் எங்கள் குடும்பம் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்தது. அந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறோம். உறுப்பினர்கள் அதே லட்சத்தை மறுபடியும் கட்ட வேண்டியதில்லை.

ரங்கே கவுடர் வீதியில் எங்கள் மொத்தக் கடை நாற்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. 2023 ஆவணியில் தம்பி மகன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், மஞ்சள் தூள், சாம்பார் பொடி ஆகியவற்றை விற்க இணையத்தில் ஒரு கடையைத் திறந்தான். சரக்கில் குறை சொல்ல முடியாது. சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போவது அந்த ஊர்ச் சர்க்கரைதான் என்பதை நமது வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் ஈரோடு. 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எண்ணெய் காங்கயம் பக்கம் ஆட்டியது. தென்னந்தோப்புக் குத்தகையாக வந்த பணத்தைத் தம்பி மகனிடம் கொடுத்திருந்தார். நாங்களும் கொஞ்சம் போட்டோம்.

சரக்கு நன்றாக இருக்கிறது, விலை சரியாக இருக்கிறது, இனி ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தோம். ஊருக்குத் தெரிவிக்கிற வேலையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு அவர்கள் கூலி 40 ஆயிரம். முகநூல், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் விளம்பரத்துக்குக் கட்டியது 60 ஆயிரம். ஐப்பசி முடிவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

வந்த ஆர்டர் 212. வீட்டு வாசலில் பணம் வாங்கும் முறையில் அனுப்பியதில், 'வேண்டாம்' என்று திரும்பி வந்தவை 61. உண்மையில் விற்றது 151. லட்சத்தை 151-ஆல் வகுத்தால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 662 ரூபாய் செலவு. ஒரு பில்லின் சராசரி 540 ரூபாய். அதில் மிஞ்சுகிற 120 ரூபாயில் பெட்டிக்கும் கூரியருக்கும் எங்கள் பங்காக 70 போனால் கையில் நிற்பது 50. அப்படியானால் ஒவ்வொருவரும் பதின்மூன்று தடவைக்கு மேல் வாங்கினால்தான் அவரைக் கூப்பிட்ட செலவே திரும்பும். அந்த 151 பேரில் இரண்டாம் தடவை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். ஒன்பது பேர். திரும்பி வந்த 61 பார்சலுக்குப் போக வரக் கூரியர் கட்டியதை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

"மூணு மாசத்துல இவ்வளவுதானுங்க பெரியப்பா வரும், இன்னும் போட்டாத்தான் பிக்-அப் ஆகும்" என்றான் பையன். தம்பி ஒன்றும் பேசவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். கடையை மூடிவிட்டுப் பையன் பழைய வேலைக்கே போகட்டும் என்ற பேச்சு அன்று ராத்திரியே வீட்டில் தொடங்கிவிட்டது. தை வரை பொறுங்கள் என்று நாம்தான் கேட்டு வாங்கினோம்.

எங்கே பிசகியது?

முதலில், விளம்பரம் யாருக்குப் போனது என்று பார்த்தோம். முகநூலில் விளம்பரம் போடும்போது ஊரைக் குறிக்கலாம், இத்தனை கிலோ மீட்டர் சுற்றளவு என்றும் குறிக்கலாம். எங்களுக்கு அது போனது தமிழ்நாடு முழுவதற்கும், அதற்கு வெளியேயும். ஆயிரக்கணக்கில் 'லைக்' விழுந்தது. லைக் கல்லாவுக்கு வராது என்பது போகட்டும். வந்த ஆர்டரும் தூரத்து ஆர்டர். ஐந்து கிலோ சர்க்கரையை வடநாட்டுக்கு அனுப்பினால் சர்க்கரை விலையை விடக் கூரியர் கூலி பெரிதாக நிற்கிறது. பார்சல் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் ஐயாயிரத்தால் வகுத்து, அந்தக் கணக்கும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குக் கூலி போடுவார்கள். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் உள்ளே ஒரு கிலோ வடகம் இருந்தாலும் மூன்று கிலோவுக்குக் கட்ட வேண்டும். அப்பளம், வடகம், முறுக்கு விற்கிறவர்கள் பெட்டி அளவை முடிவு செய்த பிறகுதான் எந்த ஊர் வரை விளம்பரம் போடலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

வாசலில் பணம் வாங்குகிற முறையும் புதிதல்ல. 1877-லேயே நம் நாட்டுத் தபால் துறை வி.பி.பி. கொண்டுவந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போடுவார்கள். பார்சல் வந்து சேருவதற்குள் மனசு மாறிவிடும். தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவருவார். விளம்பரத்தைப் பார்த்த வேகத்தில் பொத்தானை அமுக்குகிறவருக்கும் அதே கதைதான். கோவைக்கு வெளியே அந்த முறையை நிறுத்தினோம். யூ.பி.ஐ. 2016-ல் வந்த பிறகு முன்பணம் வாங்குவதில் என்ன சிரமம்? ஆர்டர் எண்ணிக்கை குறைந்தது, திரும்பி வரும் பார்சல் அநேகமாக நின்றுபோனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தார் எங்கள் மஞ்சள் தூள் பக்கத்தில், அது இன்னின்ன நோயைத் தீர்க்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நாட்டுச் சர்க்கரையை நீரிழிவுக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் இருந்தது. படித்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கியது. உணவுப் பொருள் விளம்பரங்களில் நோய் தீரும் என்று சொல்வதற்கு 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் தடை இருக்கிறது. மேலும், காசு கொடுத்தால் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் நூறு வாங்கித் தருகிறோம் என்றார்கள். விற்பவரே வாங்கியவர் போல எழுதுவதை 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், நாற்பது வருடக் கடைப் பெயரை நூறு பொய்க் கையெழுத்துக்கு விற்க முடியுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பேரேட்டில் இருந்த வாடிக்கை

கார்த்திகையில் பையனிடம் ஒன்று கேட்டோம். "புது ஆளைத் தேடறதுக்கு லட்சம் போட்டியே, நம்ம பில் புஸ்தகத்துல இருக்கறவங்க எத்தனை பேருக்கு நீ கடை போட்டது தெரியும்?" அவன் யோசித்தான். "யாருக்கும் சொல்லலீங்க பெரியப்பா" என்றான்.

மொத்தக் கடையானாலும் எங்களிடம் சில்லறையாக வாங்கும் குடும்பங்கள் உண்டு. பில்லில் பெயரும் போன் நம்பரும் இருக்கும். கல்யாணச் சாமான் வாங்கியவர்கள், சீருக்கு வாங்கியவர்கள், மகள் சென்னையில் இருக்கிறாள், மகன் பெங்களூரில் இருக்கிறான், ஊருக்கு வந்துபோகும்போது பத்து கிலோ சர்க்கரை கட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள். எழுதியெடுத்ததில் 340 பேர் தேறினார்கள். பையனும் கடைக் கணக்கரும் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார்கள். 'இனி நேரில் வர வேண்டியதில்லை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாங்களே அனுப்பி வைக்கிறோம், இந்த நம்பரை உங்கள் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் விலைப் பட்டியல் அனுப்பலாமா?' என்று கேட்டார்கள்.

நம்பரைப் பதியச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எங்கோ வாங்கிய ஐயாயிரம் நம்பரை ஏற்றிவிட்டு அனுப்பினேன் அனுப்பினேன் என்று சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நம்பர் விற்கிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பவும் முன்போல் முடியாது. தொலைத்தொடர்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புகிறவர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும்.

எங்களுக்கு 228 பேர் சரி என்றார்கள். மாதம் இரண்டு தடவைக்கு மேல் செய்தி அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். காலை வணக்கப் படம் அனுப்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் போடும் ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டு, அச்சுக்கூலி 1,800. போகிற பார்சலில் நூறு கிராம் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று மாதிரிக்கு; அதற்கு 9,400. ஆக 11,200 ரூபாய். தை முடிய 96 பேர் இணையக் கடையில் வாங்கினார்கள். ஆளுக்கு 117 ரூபாய் செலவு. முன்னது 662 என்பதை நினைவில் வையுங்கள். அதை விட முக்கியமானது, இந்த 96 பேரில் 58 பேர் தைக்குள் மறுபடியும் வாங்கினார்கள். இரண்டாவது ஆர்டருக்கு விளம்பரச் செலவு ஏது?

இது எங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. பெருந்துறையில் சக்தி மசாலா துரைசாமி அவர்கள் மஞ்சள் வியாபாரம் செய்தபிறகு 1977-ல் மசாலாப் பொடிக்கு வந்தபோது, நம் பெண்கள் பொடியை வீட்டில் இடித்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கெட்டில் பொடி வாங்குவது என்பதே புதிது. ஒருத்தர் வாங்கிச் சமைத்து, நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்வதுதான் அன்றைக்கு உணவுப் பண்டத்துக்கு நம்பகமான விளம்பரம். சுவரில் எழுதுவதும் சினிமா சிலைடு போடுவதும் அதற்குப் பின்னால் வந்து தாங்கிப் பிடித்தன. செல்போன் வந்ததால் இந்த வரிசை மாறவில்லை.

காசில்லாமல் கிடைப்பது இன்னொன்று, கூகுள் வரைபடத்தில் நம் கடை. இதைப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. எங்கள் கடையை யாரோ எப்போதோ பக்கத்து வீதியில் குறித்து வைத்திருக்க, வருடக் கணக்கில் லாரிக்காரர்கள் அங்கே போய் நின்று போன் செய்தார்கள். லாரிக்காரரைத் திட்டினோமே தவிர, அதைத் திருத்தலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. உரிமையாளர் நாம்தான் என்று நிரூபித்துவிட்டால் இடம், நேரம், படம், இணையக் கடை முகவரி எல்லாவற்றையும் நாமே போடலாம். பொருளின் பெயரை எழுதுவதிலும் கவனம் வேண்டும். நாம் 'நாட்டுச் சர்க்கரை' என்கிறோம். சென்னையில் ஒருவர் 'வெல்லத்தூள்' என்று தேடுகிறார், பெங்களூர்க்காரர் 'ஜாக்கரி பவுடர்' என்கிறார். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக அடிக்கிறார்கள். அத்தனை பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்த பிறகு, தேடி வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் வருகிறவர் வாங்கத்தான் வருகிறார்.

ஓ.என்.டி.சி.யும் பெரிய தளங்களும்

'அரசாங்கமே ஓ.என்.டி.சி. கொண்டுவந்திருக்கிறதே, அதில் சேர்ந்தால் போதாதா?' என்று கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் அதை வெள்ளோட்டம் விட்டபோது தேர்ந்தெடுத்த ஐந்து நகரங்களில் டெல்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங் ஆகியவற்றோடு நம் கோயம்புத்தூரும் ஒன்று. நமக்கு அது பெருமைதான். வாங்குகிறவர் ஒரு செயலியில் இருப்பார், விற்கிற நாம் வேறொரு செயலியில் இருப்போம், கொண்டுபோய்க் கொடுப்பவர் மூன்றாமவர். ஒரே கம்பெனியின் கையில் எல்லாம் இருக்காது. யோசனை நல்லது. ஆனால் தொடக்கத்தில் தள்ளுபடிக்கும் டெலிவரிக்கும் கிடைத்த ஊக்கத் தொகை பின்னர் குறைக்கப்பட்டபோது, அதை நம்பி மட்டும் வந்த வாடிக்கை விலகியது. பொள்ளாச்சிச் சந்தையில் இடம் கிடைப்பது வேறு, நம் இடத்தைத் தேடி ஆள் வருவது வேறு. ஓ.என்.டி.சி. இடம் தருகிறது. சேரலாம். சேர்ந்துவிட்டோம் என்று சும்மா இருக்க முடியாது.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் கூட்டம் இருக்கிறது. அதற்குக் கமிஷன் வாங்குகிறார்கள். முன்வரிசையில் காட்டத் தனியாகவும் வாங்குகிறார்கள். நமக்கு உறுத்துவது கமிஷன் அல்ல. மொத்த வியாபாரத்தில் தரகு கொடுத்துப் பழகியவர்கள் நாம். வாங்கியவர் யார், மறுபடி அவரைக் கூப்பிட முடியுமா என்பதுதான் விஷயம். அவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர், நம்முடையவர் அல்ல. ஆகவே புதுச் சரக்கு போகிறதா என்று பார்ப்பதற்கும், தேங்கியதைத் தள்ளுவதற்கும் அங்கே வைக்கலாம் என்பது எங்கள் முடிவு. அங்கே விற்றால் 2024 ஜூலை முதல் அரை சதவீதம் ஜி.எஸ்.டி.யாகப் பிடித்துக் கட்டுகிறார்கள். அதை நம் கணக்கில் வரவு எடுத்துக்கொள்ள ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தள்ளுபடி கொடுத்துப் பிடிக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வடக்கே 2014-ல் தொடங்கிய பெப்பர்டேப் என்ற மளிகை டெலிவரி நிறுவனம் தள்ளுபடியால் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் பணம் போய்க்கொண்டே இருந்ததால் 2016-ல் அந்தச் சேவையை மூடினார்கள். அவர்களிடம் முதலீட்டாளர் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது குத்தகைப் பணம். பெங்களூரில் 1999-லேயே ஃபேப்மார்ட் என்று இணையக் கடை தொடங்கியவர்கள், அப்போது இணையத்தில் வாங்குகிறவர் போதாமல், பிறகு வீதியில் மளிகைக் கடைகளை நடத்தினார்கள். அவற்றைப் பிர்லா குழுமத்துக்கு விற்றுவிட்டு, 2011-ல் மறுபடியும் இணையத்துக்கு வந்து பிக்பாஸ்கட்டைத் தொடங்கியவர்களும் அவர்களே. நடுவில் கடை நடத்திய வருடங்கள் அவர்களுக்கு வீணாகப் போயிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. நம்மில் பலருக்கு அந்த வருடங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

விளம்பரமே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோவையில் பத்து கிலோ மீட்டருக்குள், ஒரே ஒரு பொருளுக்கு, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பாகச் சிறு தொகை போட்டுப் பார்த்தோம். தைப்பொங்கலுக்குச் சர்க்கரைக்குப் போட்ட 3,000 ரூபாய் பழுதில்லாமல் வந்தது. சாம்பார் பொடிக்குப் போட்ட 2,000 போனது போனதுதான். சாம்பார் பொடியில் பெரிய பெயர்கள் இருக்கும் இடத்தில் நம் பொடியைப் படத்தைப் பார்த்து யார் வாங்குவார்? கூட்டிப் பார்க்காமல் எந்த முறையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. அதற்காகக் கல்லாப் பெட்டி மேல் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். புது ஆர்டர் வந்தால் பையன் போன் செய்து, 'எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு எழுதுகிறான். பில் புத்தகம், பையில் போட்ட சீட்டு, கூகுள், விளம்பரம், 'அத்தை சொன்னாங்க' என்று ஐந்து கட்டம். மாதக் கடைசியில் கூட்டுகிறோம். அத்தை கட்டம்தான் இதுவரை நீளமாக இருக்கிறது.

விளம்பரத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுண்டு. இணையப் பக்கத்தில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண், குறை சொல்லத் தொடர்பு கொள்ள வேண்டியவர் பெயர் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். வந்த புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்தில் முதல் மூன்று மாதமும் உரிம எண் இல்லாமலே இருந்திருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து வாடிக்கையாளர் வந்தது போல அதிகாரியும் வந்திருக்கலாம்.

தம்பி இப்போது கடைப் பேச்சை எடுத்தால் எழுந்து போவதில்லை. போட்ட லட்சம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு வருடக் கணக்கில் முக்கால் பங்கு வந்திருக்கிறது. பையன் காங்கயம் செக்கில் எண்ணெய் ஆட்டுவதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட வேண்டும், ஐயாயிரம் ஆகும் என்று கேட்டிருக்கிறான். ஒரு தவணைக்குச் சம்மதித்திருக்கிறோம். நோட்டில் ஆறாவது கட்டம் கோடு போட்டாயிற்று.